கூரை போட்ட களம்

பழைய கட்டடத்தை அளந்து வரையப் போகிறவர்கள் பெரும்பாலும் போனதும் நாடாவை உருவுவார்கள். களஞ்சியம் என்றால் நான் முதலில் கதவுகளைத் தேடுவேன். நீளச் சுவர்கள் இரண்டிலும் நேருக்கு நேராக நிற்கிற கதவுகள் எங்கே என்று பார்த்துவிட்டு, அவற்றுக்கு நடுவே போய் நின்றுகொள்வேன். காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகிறது என்று உடம்புக்குத் தெரியும். அது தெரிந்தபிறகு மீதிக் கட்டடம் விளங்கத் தொடங்கும்.

தஞ்சைப் பக்கத்தில் களத்துமேட்டில் விளையாடி வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தூற்றுவதற்குக் காற்று வேண்டும். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்தால் நெல் காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். நம் ஊரில் களம் திறந்த வெளி, காற்றுக்குக் காத்திருந்தால் போதும். இங்கிலாந்தில் ஆகஸ்டில் கோதுமை அறுத்தபின் வெயிலை நம்ப முடியாது. அதனால் கதிரைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கூரைக்குக் கீழே அடுக்கினார்கள். இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரைக்கும், தோல்வாரால் பிணைத்த இரட்டைக் கம்பைச் சுழற்றி, உள்ளேயே அடித்தார்கள். நடுவில் அடிக்கும் தரை. ஒரு பக்கம் அடிக்காத கதிர், மறுபக்கம் அடித்த தாள். எதிரெதிர்க் கதவுகளைத் திறந்தால் தூற்றக் காற்று. ஆக, பெயரைக் கேட்டு நம் கோயில்களின் நெற்களஞ்சியம் போல ஒன்றை நினைத்துக்கொண்டு உள்ளே போனால் ஏமாற்றமாக இருக்கும். இது கூரை போட்ட களம்.

இந்த வகையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் கட்டடம் கிரேட் காக்ஸ்வெல் ஊரின் கல் களஞ்சியம். ஆக்ஸ்போர்டுக்கும் ஸ்விண்டனுக்கும் இடையில், ஃபாரிங்டன் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. நீளம் 152 அடி, அகலம் 44 அடி, கூரை உச்சி 48 அடி. சுவர் காட்ஸ்வோல்ட் சுண்ணாம்புக்கல்; முட்டுச்சுவர்களுக்கு மட்டும் செதுக்கிய கல், மற்ற இடங்களில் உடைகல். தேம்ஸைத் தாண்டினால் வரும் கெல்ம்ஸ்காட்டில் 1871 முதல் வீடு வைத்திருந்த வில்லியம் மோரிஸ், இதைப் பேராலயங்களுக்குச் சமமாக வைத்துப் பேசினார். பழைய கட்டடங்களைப் ‘புதுப்பிக்கிறேன்’ என்று சுரண்டித் தள்ளுவதை எதிர்த்து 1877இல் ஒரு சங்கமே தொடங்கியவர் அவர். அவர் சொன்னதை மறுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் பேராலயம் என்று சொன்ன மாத்திரத்தில் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கூரை அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் கட்டடம் எதற்காக எழுந்தது என்பது தரையிலும் கதவிலும் எழுதியிருக்கிறது.

கதவுக்கே வருகிறேன். கிரேட் காக்ஸ்வெல்லில் இப்போது இரண்டு முனைச் சுவர்களிலும் பெரிய வாசல்கள் இருக்கின்றன. பார்க்கிற கண்ணுக்கு அவைதான் முதன்மை வாசல் என்று தோன்றும். அவை 18ஆம் நூற்றாண்டில் வெட்டிச் சேர்த்தவை. முதலில் இருந்த வழி, நீளச் சுவர்களின் நடுவே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் முகமண்டபங்கள் வழியாகத்தான். ஒரு பக்கம் வண்டி பாரத்தோடு நுழையும், இறக்கிவிட்டு மறுபக்கம் வெறும் வண்டியாக வெளியேறும். சிறிய களஞ்சியங்கள் பலவற்றில் ஒரு கதவு உயரமாகவும் எதிர்க்கதவு குட்டையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பாரம் ஏற்றிய வண்டிக்குத்தானே உயரம் வேண்டும்? குட்டைக் கதவைக் கண்டு ‘பிற்காலத்தில் அடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது’ என்று எழுதிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். எழுதியவர் வண்டியை நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு வாசல் பின்னால் வெட்டியதா என்று கண்டுபிடிக்கச் சுவரின் வரிசைகளைப் பார்க்க வேண்டும். சுவரும் வாசலும் ஒன்றாக எழுந்திருந்தால், நிலைக்கல் ஒவ்வொன்றும் பக்கத்து வரிசைக்குள் பல் போலக் கடித்துக்கொண்டிருக்கும். பின்னால் வெட்டியிருந்தால் வரிசைகள் வந்து திடீரென்று அறுந்து நிற்கும். இடையில் சில்லுக் கற்களும் வேறு நிறச் சாந்தும் திணித்திருக்கும். கையால் தடவினாலே தெரியும். வரைபடத்தில் இதை ஒரே ஒரு நேர்கோடாகத்தான் காட்டுவோம். ஒரு நூற்றாண்டு எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்கியது என்று சொல்லும் கோடு அது. அதைப் போடுவதற்கு முன் சுவரின் உட்புறம் போய் அதே இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அடிக்கும் தரையின் ஓரத்தில் இன்னொரு சின்னச் சாட்சி உண்டு. கதவு நிலையின் அடியில், இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதில் பலகையைச் செருகினால், அடிக்கும்போது தெறிக்கும் தானியம் வெளியே போகாது, கோழியும் பன்றியும் உள்ளே வராது. பலகை எப்போதோ போய்விட்டிருக்கும், காடி மட்டும் சேறு அப்பிக் கிடக்கும். இந்தக் காடியை வரைந்தால்தான் அது அடிக்கும் தரை என்று படம் பார்க்கிறவருக்கு உறுதியாகும். சுவரில் வெளியே குறுகி உள்ளே விரியும் நெடுந்துளைகள், கதிர் புழுங்காமல் இருக்க. முனைச் சுவரின் உச்சியில் ஆந்தை நுழைய ஒரு துளை, எலிக்கு எதிரி வேண்டுமே. சுவர் முழுக்க ஒழுங்கான இடைவெளியில் தெரியும் சதுரக் குழிகள் சாரம் கட்டுவதற்காக விட்டவை. அந்தக் குழிகளை வரிசைப்படி குறித்தால், கொத்தனார் ஒரு மூச்சில் எவ்வளவு உயரம் ஏற்றினார் என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தபிறகுதான் நாடா. கட்டடத்தின் நடுவே நூல் கட்டி ஓர் அடிப்படைக் கோடு. சுவரைச் சுற்றி மார்பளவு உயரத்தில் ஒரு மட்டக்கோடு, எல்லா உயரங்களும் அதிலிருந்து மேலும் கீழும். அளவுகளைத் துண்டு துண்டாக எடுத்துக் கூட்டக் கூடாது. நாடாவை ஒரு முனையில் கட்டிவிட்டு, கடந்துபோகும் ஒவ்வொரு விளிம்பையும் தொடர்ச்சியாகப் படிக்க வேண்டும். அப்போதுதான் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. மூலைகள் சதுரமாக இருக்கும் என்று நம்பவே கூடாது, மூலைவிட்டம் இரண்டையும் எடுக்க வேண்டும். சுவர் வெளியே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தூக்குக்குண்டு சொல்லும். படத்தாள் ஈரத்தில் சுருங்காத பாலியெஸ்டர் படலம், கடினமான பென்சில். தரைப்படமும் குறுக்குவெட்டும் 1:50 அளவில், மூட்டுகள் அதைவிடப் பெரிதாக. ஒருவர் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத என்று மூன்று பேர் இருந்தால் சொர்க்கம். பெரும்பாலும் இரண்டு பேர்தான்.

இப்போது லேசர் ஸ்கேனர் இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். 48 அடி உயரத்து உச்சியை ஏணி வைத்து அளக்கும் வயதும் போய்விட்டது. ஒரு காலைப்பொழுதில் கோடிக்கணக்கான புள்ளிகளை அள்ளிக்கொண்டு வந்துவிடும், கூரையின் தொய்வை அது காட்டுவது போல நாடா காட்டாது. என் குறை வேறு. ஸ்கேனர் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு பார்க்கிறது. 13ஆம் நூற்றாண்டு மூட்டும் அதில் தொங்கும் மின்கம்பியும் அதற்கு ஒன்றுதான்.

பென்சில் அப்படிப் போகாது. தூணின் பக்கவாட்டில் ஒரு வெறுந்துளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு நுழைவதற்காக வெட்டிய துளை, ஆனால் உள்ளே மரம் இல்லை. ஸ்கேனில் அது ஒரு கருப்புப் புள்ளி. கையால் வரையும்போது அதன் நான்கு விளிம்பையும் அளக்க வேண்டியிருக்கிறது, அளக்கும்போது கேள்வி வருகிறது. இதில் என்ன இருந்தது? மர ஆணி போட்ட துளை பக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் இங்கே ஒரு சாய்கால் பொருந்தி நின்றிருக்கலாம், பிறகு யாரோ கழற்றியிருக்கலாம். எதிர்த் தூணைப் பார். அங்கும் அதே உயரத்தில் துளை உண்டா? உண்டென்றால் ஒரு சட்டத்தின் அமைப்பே மாறியிருக்கிறது. இல்லையென்றால், இந்தத் தூண் வேறெங்கோ வேறு கட்டடத்தில் நின்று, பின் இங்கே வந்த பழைய மரமாக இருக்கலாம். இந்த விசாரணையில் ஒரு பிற்பகல் போய்விடும். போகட்டும். ஆறு அங்குலத் துளைக்காகக் கட்டடத்தின் மறுகோடிவரை நடந்து பார்ப்பதுதான் இந்த வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. படம் அதன் மிச்சம்.

தச்சர்களின் எண்களும் அப்படித்தான். ஓக் மரச் சட்டங்களை முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ரோமன் எண் போலக் கோடு கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்தில் எண்ணைப் பார்த்துச் சேர்ப்பார்கள். உளியால் மரத்தில் வளைவு போட முடியாது, நேர்க்கோடு எளிது. அதனால் ரோமன் எண். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறல் எழுந்து தெரியும். எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகப் போனால் கட்டடம் முதலில் நின்றபடியே நிற்கிறது. நடுவில் ஓர் எண் குழம்பியிருந்தால் அங்கே பழுது பார்த்திருக்கிறார்கள்.

கிரேட் காக்ஸ்வெல்லின் தூண்கள் தரையில் ஊன்றவில்லை. ஆள் உயரக் கல் பீடங்களின் மேல் நிற்கின்றன. ஈரம் ஏறாது, வண்டிச் சக்கரம் இடித்தாலும் கல்லில்தான் இடிக்கும், அவ்வளவு நீளமான மரமும் தேட வேண்டாம். தூண் தாங்கும் இரண்டு சட்டங்களுக்கு இடையே, தூணே இல்லாமல் பக்கச் சுவரிலிருந்து எழும் வளைமரங்கள் கூரையைத் தாங்குகின்றன. தூண் குறைந்தால் கதிர் அடுக்க இடம் கூடும். கூரையோ கல் ஓடு, அதுவும் லேசான பாரமில்லை. ஓரத்தில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறியவை. இந்த வட்டாரத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு போன்ற ஊர்களில் இப்படிப்பட்ட ஓட்டுக்கல்லை உளி வைத்துப் பிளப்பதற்கு முன் பனி பிளந்து கொடுத்தது. தோண்டிய கல்லை நனைத்துக் குளிர்காலத்தில் வெளியே போட்டால், உள்ளே ஊறிய நீர் உறைந்து விரிந்து ஏடு ஏடாகப் பிரித்துவிடும்.

மரமே வயதையும் சொல்லும். கல் எந்த ஆண்டில் அடுக்கப்பட்டது என்று கல்லைக் கேட்டால் பதில் கிடைக்காது. ஓக் மரத்தை அந்தக் காலத்தில் காயவைக்காமல் பச்சையாகவே இழைத்துப் பொருத்தினார்கள். ஆகவே மரம் வெட்டிய ஆண்டுக்கும் கட்டடம் எழுந்த ஆண்டுக்கும் அதிக இடைவெளி இருக்காது. பென்சில் பருமனில் ஒரு துளை போட்டு மரத்தின் குச்சி ஒன்றை எடுத்து, வளையங்களின் அகலத்தை அளந்து, ஏற்கெனவே காலம் தெரிந்த வரிசைகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்துவிட்டால் வெட்டிய ஆண்டே கிடைத்துவிடும்; தச்சர் அதைச் செதுக்கி எறிந்திருந்தால் சில பத்தாண்டு இடைவெளி வைத்துத்தான் சொல்ல முடியும். கிரேட் காக்ஸ்வெல்லை 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை கொண்டுபோனவர்கள் உண்டு. ஜான் மன்னர் சிஸ்டர்சியத் துறவிகளுக்கு ஃபாரிங்டன் நிலத்தைக் கொடுத்தது அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், அவர்கள் ஹாம்ப்ஷயரில் பியூலி மடத்தை நிறுவியதும் அப்போதுதான். நிலம் கிடைத்ததும் களஞ்சியம் கட்டியிருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. வளையங்களோ 1292ஐ ஒட்டிய காலத்தைச் சொல்லின.

மூட்டைப் பார்த்தே காலம் சொல்லிவிடலாம் என்று நம்பிய ஒருவரும் இருந்தார். எசெக்ஸ் மாவட்டத்தில் சிசில் ஹியூவெட், 1960களில், கிரெஸ்ஸிங் டெம்பிளில் இருக்கும் இரண்டு மரக் களஞ்சியங்களும் 13ஆம் நூற்றாண்டுக்குரியவை என்று மூட்டுகளை வைத்து வாதாடினார். அவ்வளவு பழமையா என்று பலர் நம்பவில்லை. பின்னால் வந்த அறிவியல் சோதனைகள் பார்லிக் களஞ்சியத்தை அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோதுமைக் களஞ்சியத்தை அதன் பிற்பாதியிலும் வைத்தன. ஹியூவெட் பென்சிலோடு மரத்தின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையும் பிரித்துக் காட்டுவதுபோல வரைந்தவர். எனக்கு அவர்மேல் தனி அன்பு. இன்னொரு தனி அன்பு, கிரேட் காக்ஸ்வெல்லையும் பியூலியின் இன்னொரு களஞ்சியத்தையும் பற்றி 1965இல் புத்தகம் வெளியிட்ட வால்டர் ஹார்ன், எர்னஸ்ட் போர்ன் ஜோடியின் மேல். ஹார்ன் ஜெர்மனியில் பிறந்து கலிபோர்னியாவில் கலை வரலாறு கற்பித்தவர், போர்ன் கட்டடக் கலைஞர். போர்னின் வெட்டுப்படங்களைப் பார்த்தால் அந்தக் கூரையை நாமே கட்டிவிடலாம் என்ற மயக்கம் வரும். அவர்கள் எழுதிய அந்த மற்றொரு களஞ்சியம், செயின்ட் லெனர்ட்ஸில், இதைவிடப் பெரியது. இன்று சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றுக்கு உள்ளே பிற்காலத்தார் ஒரு சின்னக் களஞ்சியத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆவணங்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் படித்துவிட்டுப் போனால் கண் அதையே தேடும். பியூலி மடத்தின் 1269–70ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகம் அதிர்ஷ்டவசமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஃபாரிங்டனைச் சேர்ந்த பண்ணைகளின் வரவு செலவும் அதில் உண்டு. இதைக் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்தின் கணக்கு என்று எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வளையங்கள் சொல்லும் ஆண்டோடு வைத்துப் பார்த்தால், அந்தக் கணக்கு எழுதியபோது இன்று நிற்கும் களஞ்சியம் கிடையாது. அந்தத் தானியம் வேறெங்கோ, இதற்கு முந்தைய கூரை ஒன்றின் கீழ் கிடந்திருக்க வேண்டும். மரத்தை முதலில் கேட்டிருந்தால்தான் இந்தக் கேள்வி எழும்.

ஊரார் இதைத் ‘தசமபாகக் களஞ்சியம்’ என்று சொல்லுவார்கள், வழிகாட்டிப் பலகைகளும் பல காலம் அப்படியே எழுதின. திருச்சபைக்கு ஊரார் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும் கட்டடம் என்று பொருள். பெரிய களஞ்சியம் எதைக் கண்டாலும் இந்தப் பெயரை ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. இங்கே அடைந்தது மடத்தின் சொந்தப் பண்ணை விளைச்சல். ஒரு முகமண்டபத்தின் மேலறையிலிருந்து பண்ணையைப் பார்த்துக்கொண்ட துறவி கணக்கு வைத்திருப்பார். 1538இல் எட்டாம் ஹென்றியின் காலத்தில் பியூலி மடம் கலைந்தது. ஆனால் அதற்கு முன்பே துறவிகள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஊர் தேவாலயத்தில் வில்லியம் மோரிஸ் என்றே பெயர் கொண்ட ஒரு குத்தகைக்காரரின் பித்தளைப் படிமம் இருக்கிறது, 1500ஐ ஒட்டியது. கெல்ம்ஸ்காட் மோரிஸுக்கும் இவருக்கும் உறவு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் முதலில் பார்க்கிறவர்கள் ஒரு கணம் குழம்பாமல் போவதில்லை.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1786இல் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். குளிர்காலக் கூலி போய்விடும் என்று பயந்த தொழிலாளர்கள் 1830இல் இந்த பெர்க்ஷயர் வட்டாரம் உட்படத் தென் இங்கிலாந்து முழுக்க இயந்திரங்களை உடைத்தார்கள். கிரேட் காக்ஸ்வெல் அன்று பெர்க்ஷயரில்தான் இருந்தது. 1974இல்தான் ஆக்ஸ்போர்டுஷயருக்கு மாறியது. பின் வயலிலேயே அறுத்து அடிக்கும் இயந்திரம் வந்தது, கூரை போட்ட களத்துக்கு வேலை போயிற்று. கிரேட் காக்ஸ்வெல்லுக்கு நல்ல காலம். அதை வைத்திருந்த எர்னஸ்ட் குக்கின் உயில் வழியாக 1956இல் நேஷனல் டிரஸ்டிடம் வந்து சேர்ந்தது.

மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. என் பிழைப்பு பெரும்பாலும் பெயரில்லாத சின்னக் களஞ்சியங்களோடுதான். 1980களிலிருந்து இவை வீடுகளாக மாறி வருகின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், அனுமதி கொடுக்கும்போது ‘முதலில் பதிவு செய்’ என்ற நிபந்தனை வரும். எவ்வளவு ஆழமாகப் பதிவு செய்வது என்பதற்கு ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் கையேடு ஒன்று முதல் நான்கு வரை படிகள் வைத்திருக்கிறது. முதல் படி வெளிப்பார்வை, நான்காவது முழு ஆய்வு. செலவைப் பார்த்து உரிமையாளர் கீழ்ப்படியைக் கேட்பார், கட்டடம் மேல்படியைக் கேட்கும். எனக்கு வருத்தம் தருவது இதுவல்ல. ‘உங்களுக்கு வசதியாக இருக்கட்டும்’ என்று சொல்லி, நான் போவதற்குள் உள்ளே இருந்ததை எல்லாம் வாரிச் சுத்தம் செய்து வைத்திருப்பார்கள். தீவனத் தொட்டி, மாடு கட்டும் தடுப்பு, அடித்தரைப் பலகை, சுவரில் சுண்ணாம்பின் மேல் பென்சிலால் எழுதிய மூட்டைக் கணக்கு, எல்லாம் குப்பை வண்டியில் ஏறியிருக்கும். சுவரும் கூரையும் சுத்தமாக நிற்கும். எதைப் பதிவு செய்ய வேண்டுமோ அது போயிருக்கும்.

அப்படிப் போகாத இடங்களில் சுவரை நிதானமாகப் படிப்பேன். பெயரெழுத்துகள், ஆண்டுகள், ஐந்தைந்தாகக் கீறிய கோடுகள், கவராயத்தால் போட்ட ஆறிதழ்ப் பூக்கள், மெழுகுத்திரியால் சுட்ட கண்ணீர்த்துளி வடிவங்கள். இந்தப் பூவும் தீக்காயமும் தீயசக்தியைத் தடுக்க என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். இருக்கலாம், தச்சன் மகன் கவராயம் பழகியதாகவும் இருக்கலாம். இடம், உயரம், அளவு, எந்த மரத்தில், அதன் மேல் வெள்ளை அடித்திருக்கிறதா என்பதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். வயதான விவசாயி யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் நடப்பேன். வீட்டில் உட்காரவைத்துக் கேட்டால் பொதுவாகப் பேசுவார். உள்ளே போனால் கை தானாக நீளும்: இங்கே கன்றுகள், இங்கே கிழங்கு நறுக்கும் இயந்திரம், இந்தத் தூணில்தான் அப்பா தொப்பியை மாட்டுவார். அந்தத் தூணில் ஆணி இருக்கும். அதைப் படத்தில் குறித்து, பக்கத்தில் அவர் சொன்னதை எழுதிக்கொள்வேன்.

எல்லாம் முடிந்து படங்கள் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகும். மூலையில் வடக்கு அம்பு, அளவுகோல், அளந்தவர் பெயர், தேதி. எண்ணிமக் கோப்புகள் தனியாகப் போகும். அதோடு தாளில் ஒரு பிரதியும் அனுப்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். கடைசி வேலை, பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டுவது. அளந்த சுவர் தொடர்கோடு, இருந்திருக்கும் என்று நினைப்பது விட்டுவிட்டுப் போகும் கோடு, போய்ப் பார்க்கவே முடியாதது புள்ளிக்கோடு. வடகிழக்கு மூலையில் கூரைவரை வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள் என்றால், அந்த மூலை புள்ளிக்கோடாகவே போகும், பக்கத்தில் காரணமும் தேதியும் இருக்கும்.